வட்டு பழுதான பிறகு எழுதப்படும் தரவு எங்கே போகிறது?

கணினித் தரவைச் சேமிக்கும் நாலைந்து வட்டுகளை (ஹார்டு டிஸ்க்) ஒன்றாகக் கோத்து, ஒரே வட்டு போலக் காட்டும் அடுக்குக்கு ரெய்டு என்று பெயர். அதன் பல வகைகளில் ஒரு வட்டு செத்த பிறகும் கோப்புகளைச் சேமிக்க முடிகிறதே, எப்படி?

கிருஷ்ணகிரி மாங்காய் மண்டி ஒன்றில் மூன்று கணக்கர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் பெங்களூரா எடையை எழுதுகிறார்: 600 கிலோ. இன்னொருவர் செந்தூரா: 300. மூன்றாமவர் மொத்தம் மட்டும்: 900. செந்தூராக்காரர் நோட்டோடு காணாமல் போய்விட்டார். அப்போது பார்த்து 40 கிலோ செந்தூரா வந்து இறங்குகிறது. லாரியைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை; மொத்தத்தை 940 என்று மாற்றினால் போதும். அதிலிருந்து 600ஐக் கழித்தால் செந்தூரா 340 என்று யாரும் சொல்லிவிடலாம்.

அந்த வகைகளில் ஒன்றான ரெய்டு 5 செய்வதும் ஏறக்குறைய இதுதான். கூட்டலுக்குப் பதில், 0, 1 என்ற பிட்களை வைத்துச் செய்யும் கணக்கு. அந்த ‘மொத்த’மும் ஒரே வட்டில் இராமல் எல்லா வட்டுகளிலும் மாறிமாறி இருக்கும். புது வட்டைப் பொருத்தியதும் விடுபட்டதை அடுக்கே கணக்கிட்டு நிரப்பிக்கொள்ளும். பெரிய வட்டென்றால் மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் ஆகும். ஆபத்தான நேரம் அதுதான்: அதற்குள் இரண்டாவது வட்டும் போனால் கழிக்க எண்ணே இராது. புது வட்டு வாங்குவதைத் தள்ளிப்போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

ரெய்டு இருந்தால் காப்பு நகல் வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். நீங்கள் தவறுதலாக அழித்த கோப்பை ரெய்டும் உங்கள் கட்டளைப்படி அழித்துவிடும்.