மூன்று எலிகள் எங்கே?

கேள்வி: என் மகள் உயிர் இரசாயனத்தில் கலாநிதிப் பட்டம் முடித்து, இங்கிலாந்தில் நான்கு வருடம் ஆய்வுகூடத்தில் இருந்தாள். இப்போது அங்கேயே ஒரு மருத்துவ ஆய்விதழில் ஆசிரியர் வேலைக்குப் போகப் போகிறேன் என்கிறாள். "இவ்வளவு படித்தது எழுத்துப்பிழை பார்க்கவா?" என்று அவளுடைய பெரியப்பா கேட்கிறார். எனக்கும் மனது சரியில்லை. நீங்களும் அந்த வேலை செய்பவர் என்பதால் எழுதுகிறேன்.
— ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: அம்மா, முதலில் பெரியப்பாவைச் சமாளிப்போம். எழுத்துப்பிழை பார்க்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள். கட்டுரையை ஏற்றுக்கொண்ட பிறகுதான் அது அவர்களிடம் போகும். நம் மொழியில் ஆசிரியர் என்ற ஒரே சொல் பள்ளிக்கூட வேலைக்கும் இதழ் வேலைக்கும் நிற்பதால் நானும் கொஞ்சப் பாடா படுகிறேன்? ஆய்விதழ் ஆசிரியர் என்றால், "எந்தப் பள்ளிக்கூடம்?" என்கிறார்கள்.

பகலில் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறேன். இரவுச் சாப்பாடு முடிந்து, காலி வீதிச் சத்தம் அடங்கிய பிறகுதான் ஆய்விதழ். போன வருடம் ஒரு கட்டுரை வந்தது. நீரிழிவுக்கு ஒரு மூலிகைச் சாறு. செய்முறைப் பகுதியில் 40 எலிகள். வரைபடத்தின் கீழே இருந்த எண்களைக் கூட்டினால் 37. மிச்சம் மூன்றும் எங்கே? எழுதிக் கேட்டேன். செத்துவிட்டன, சாற்றுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அதனால் சேர்க்கவில்லை என்று பதில் வந்தது. மூன்றும் சாறு குடித்த எலிகள்! எலிக்கூண்டு கழுவாத ஒருவருக்கு இந்தக் கூட்டல் தோன்றியிருக்காது. கட்டுரையைப் பரிசீலித்த நடுவர்கள், அதாவது அதே துறை ஆய்வாளர்கள், இருவருக்கும்கூடத் தோன்றவில்லை, அவர்களும் கூண்டு கழுவியவர்கள்தான். சரி, அது வேறு கதை.

நடுவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு சதமும் கிடைக்காது. பத்துப் பேருக்கு எழுதினால் எனக்கு இரண்டு பேர் சம்மதிப்பார்கள். ஒருவர் அருமை என்பார், மற்றவர் குப்பை என்பார். முடிவு ஆசிரியரின் தலையில். மகளுக்கு இனி நாளாந்தம் இதுதான்.

ஆனால் அவளும் நானும் ஒரே ரகமில்லை. 1869 இல் தொடங்கிய நேச்சர் போன்ற இதழ்களில், ஆய்வுகூடத்தை விட்டு வந்தவர்கள் சம்பளத்துக்கு முழுநேரம் இருக்கிறார்கள். 2012 இல் தொடங்கிய ஈலைஃப் இதழில் ஆய்வு செய்துகொண்டிருப்பவர்களே ஆசிரியர்கள். நம்மூர் சிலோன் மெடிக்கல் ஜேர்னலையும் வைத்தியர்கள் தங்கள் வேலையோடு வேலையாகத்தான் பார்க்கிறார்கள், அதன் கதை 1887 இல் தொடங்குகிறது. எங்களைப் போன்றவர்களுக்கு எழுதியவரையும் தெரியும், அவருக்குப் போட்டியானவரையும் தெரியும். சில நேரம் அந்தப் போட்டியாளரே நான்தான். அப்படியான கட்டுரையை வேறொருவரிடம் தள்ளிவிடுவேன். முழுநேரக்காரருக்கு இந்தத் தொல்லை குறைவு.

அவர்களுக்கு வேறு தொல்லை, நினைத்தவுடன் விலக முடியாது. 2023 இல் நியூரோஇமேஜ் என்ற மூளை ஆய்விதழின் பகுதிநேர ஆசிரியர்கள் நாற்பது பேருக்கு மேல் ஒன்றாக விலகினார்கள். ஒரு கட்டுரையை வெளியிட எழுதியவர் தரப்பிடம் 3,450 டொலர் வாங்குவது அநியாயம் என்பது அவர்களுடைய வழக்கு. எல்லாருக்கும் வேறு இடத்தில் சம்பளம் இருந்தது, விலக முடிந்தது. உங்கள் மகளுக்கு அந்த வேலையை நம்பித்தான் வீட்டு வாடகை.

அப்புறம், சொந்த ஆய்வு நின்றுவிடும். நாலைந்து வருடம் கழித்துத் திரும்பிப் போய் ஆய்வுக்கு நிதி கேட்டால், சமீபத்தில் என்ன வெளியிட்டாய் என்றுதான் முதலில் பார்ப்பார்கள். பைபெட்டை, அந்த ஆய்வுகூட அளவுக்குழாயை, கீழே வைக்க மனது வருமா என்று மகளிடம் கேளுங்கள். வரும் என்றால் விட்டுவிடுங்கள், பெரியப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

கேள்வி: எம்.எஸ்சி. படிக்கிறேன். ஒரு 'சர்வதேச மருத்துவ இதழ்' என்னை ஆசிரியர் குழுவில் சேரச் சொல்லி ஈமெயில் அனுப்பியிருக்கிறது. சேரலாமா?
— கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: தம்பி, எனக்கு வாரத்துக்கு இப்படி நாலு அழைப்பு வருகிறது. போன கிழமை ஒன்று பல் வைத்தியத்துக்கு, இன்னொன்று மீன் வளர்ப்புக்கு. என்னை எப்படித் தெரிந்தெடுத்தீர்கள் என்று ஒரு வரி எழுதிக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் கட்டுரை வெளியிட நீங்கள் கட்ட வேண்டிய கட்டணப் பட்டியல்தான் திரும்பி வரும்.