மூன்றரை நட்சத்திரம்

அன்புள்ள சார்,

இரண்டு வருடமாகக் காலையில் எழுந்ததும், ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லைக் கண்டுபிடிக்கும் 'வேர்டில்' என்ற இணைய ஆட்டத்தை ஆடுகிறேன். இரவில் படம் பார்த்தால், பார்த்த படங்களுக்கு நட்சத்திரம் போட்டுக் குறித்துவைக்கும் லெட்டர்பாக்ஸ்ட் தளத்தில் பதிந்துவிடுவேன். போன மாதம் முதல் வாரம் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தார். அதில் ஒருநாள் ஆட்டம் விட்டுப்போய் 212 நாள் தொடர்ச்சி அறுந்துவிட்டது. இதற்குப் போய் அழுதேன். இது அடிமைத்தனமா? தமிழில் இப்படி ஒரு சொல்விளையாட்டு ஏன் வீட்டுக்கு வீடு பரவவில்லை? என் லெட்டர்பாக்ஸ்ட் பக்கத்தையும் இணைத்திருக்கிறேன்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அடிமைத்தனம் என்றெல்லாம் பயப்படாதீர்கள். நாளுக்கு ஒரு சொல், ஆறு வாய்ப்பு. அது யாரையும் கெடுக்காது. 212 போனால் நாளைக்கு 1.

தமிழுக்கு எழுத்துதான் சிக்கல் என்பார்கள். ஆங்கிலத்துக்கு 26, நமக்கு 247. 'பட்டாம்பூச்சி' நமக்கு ஏழெழுத்து. கணினி புள்ளி, துணைக்கால் போன்ற குறிகளையும் தனித்தனியாக எண்ணி 13 என்னும். நிரல் எழுதுகிறவர்கள் அதைச் சரிசெய்துவிடுவார்கள். கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. ஜோஷ் வார்டில் என்ற நிரலாளர் வேர்டில் ஆட்டத்தைத் தன் துணைவி பாலக் ஷாவுக்காகச் செய்தார். ஆங்கிலத்தின் ஐந்தெழுத்துச் சொற்கள் சுமார் 12,000. பாலக் ஷா அவற்றைத் தெரிந்தது, தெரியாதது என்று பிரித்துப் பிரித்து ஏறக்குறைய 2,500 ஆக்கினார். 2021 அக்டோபரில் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் வாங்கிவிட்டது. அகராதியை அப்படியே கொட்டியிருந்தால் ஒரு வாரத்தில் சலித்திருக்கும். தமிழிலும் யாராவது அப்படி உட்கார்ந்து சொல் பொறுக்க வேண்டும்.

அது இருக்கட்டும். எனக்குக் கோபம் வந்தது உங்கள் லெட்டர்பாக்ஸ்ட் பக்கத்தைப் பார்த்தபோதுதான். இந்த ஆண்டு 143 படம். 143க்கும் நட்சத்திரம். எழுத்து நாலே நாலு படத்துக்கு, அதிலும் ஒன்றுக்கு 'செம' என்று ஒரு சொல். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் இரண்டு பேர் 2011-ல் தொடங்கிய தளம் அது. டைரி என்றே அதில் ஒரு பகுதி உண்டு. நட்சத்திரம் போடாமலே படத்தைப் பதியலாம், யாரும் கட்டாயப்படுத்தவில்லை. நீங்களாகத்தான் மூன்றா, மூன்றரையா என்று மண்டையை உடைத்துக்கொள்கிறீர்கள். சொற்புதிருக்கு விடை ஒன்றுதான். ஐந்தெழுத்தும் சரியாகி ஐந்து கட்டமும் பச்சையானால் மூடிவைத்துவிடலாம். படத்தையும் அப்படியா மூடுவது?

என் அப்பா மளிகைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து தலைகீழாக, பார்த்த படங்களை எழுதி வந்தார். மதுரையில் அவர் பார்க்காத தியேட்டர் இல்லை. படத்தின் பெயர், தியேட்டர், இரண்டு மூன்று வரி. மார்க் கிடையாது. ஒரு பக்கத்தில் இப்படி இருக்கிறது: 'சென்ட்ரல், இரண்டாம் ஆட்டம். அவளும் வந்தாள். இடைவேளைக்குப் பிறகு அழுதாள். கேட்கவில்லை. வரும்போது மழை. ஒரே குடை.' அது நல்ல படமா, மோசமான படமா என்று இதிலிருந்து தெரியாது. அப்பா போன பிறகு அம்மாவிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். 'கேட்கவில்லை' என்ற சொல்லின்மேல் விரலை வைத்தவள் வெகுநேரம் எடுக்கவில்லை. அப்பா அங்கே 'நாலரை' என்று எழுதியிருந்தால் அம்மா அந்த நோட்டைத் திருப்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டாள்.

உங்கள் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த அதே வாரத்தில் உங்கள் பக்கத்தில் ஒரு படம் இருக்கிறது. மூன்றரை நட்சத்திரம். வேறு ஒரு எழுத்து இல்லை. எங்கே பார்த்தீர்கள்? வார்டுக்கு வெளியே பெஞ்சில், போனிலா? நர்ஸ் கூப்பிட்டால் கேட்க வேண்டுமே என்று ஒரு காதில் மட்டும் இயர்போன் வைத்துக்கொண்டா? அம்மா தூங்கிக்கொண்டிருந்தார்களா? படம் முடிகிற வரை விட்டார்களா, பாதியில் எழுந்து மருந்துக்கடைக்கு ஓடினீர்களா? இதையெல்லாம் விட்டுவிட்டு மூன்றரையாம்.

அந்த நட்சத்திரத்தை எடுத்துவிட்டு அங்கே நாலு வரி எழுதுங்கள். அம்மா இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்.