அதிபர் பதவி போன பிறகு சபை உறுப்பினராகத் திரும்பி வந்த ஜான் குவின்சி ஆடம்ஸ்

கேள்வி: அமெரிக்காவின் தொடக்ககால அதிபர்களில் அதிகம் பேசப்படாத, ஆனால் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒருவர் யார்?

என் பதில், ஆறாவது அதிபர் ஜான் குவின்சி ஆடம்ஸ். இரண்டாவது அதிபர் ஜான் ஆடம்ஸின் மகன். வரலாற்று நூல்கள் பலவும் அவரது நான்காண்டு ஆட்சியை வைத்தே அவரை எடைபோட்டு, சுமாரான அதிபர் என்று ஒதுக்கிவிடுகின்றன. அந்தப் பதவியை இழந்த பிறகு பதினேழு ஆண்டுகள் அவர் செய்ததைப் படித்தபோதுதான் எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது.

1767ல் மாசசூசெட்ஸில் பிறந்தவர். ஏழு வயதில் தாய் அபிகெயிலோடு ஒரு குன்றின் மேல் நின்று அமெரிக்க விடுதலைப் போரின் பங்கர் ஹில் சண்டையைப் பார்த்தார். பத்து வயதில் தந்தையுடன் பிரான்சுக்குக் கப்பலேறினார். பதினான்கு வயதில் அமெரிக்கத் தூதர் பிரான்சிஸ் டேனாவின் செயலராக ரஷ்யா போனார். ரஷ்ய அரசவையில் பிரெஞ்சு மொழிதான் புழக்கத்தில் இருந்தது. டேனாவைவிட இந்தப் பையனுக்கு அது நன்றாக வரும். பிற்பாடு நெதர்லாந்து, பிரஷ்யா, ரஷ்யா, பிரிட்டன் என்று நான்கு நாடுகளில் தூதராக இருந்தார். 1817 முதல் எட்டாண்டுகள் வெளியுறவுச் செயலர், அதாவது நம்மூர் வெளியுறவு அமைச்சர் போன்ற பதவி. ஸ்பெயினிடமிருந்து புளோரிடாவைப் பெற்றுத் தந்த 1819 ஒப்பந்தம் இவர் பேசி முடித்தது. ஐரோப்பிய நாடுகள் அமெரிக்கக் கண்டங்களில் தலையிடக் கூடாது என்று 1823ல் அதிபர் மன்றோ பெயரில் வெளியான கொள்கையிலும் இவர் கைவண்ணம் பெரிது.

1824 தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. மாநிலங்கள் சார்பில் அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்களின் வாக்குகளில் ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு 99, ஆடம்ஸுக்கு 84. முடிவு, காங்கிரஸ் எனும் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபைக்குப் போனது. சபாநாயகர் ஹென்றி கிளேயின் ஆதரவோடு அங்கே ஆடம்ஸ் வென்றார். அடுத்து அதே கிளேயை வெளியுறவுச் செயலர் ஆக்கினார். பேரம் பேசி வாங்கிய பதவி என்று ஜாக்சன் தரப்பு கொதித்தது. பேரம் நடந்ததோ இல்லையோ, அந்த நியமனம் விவேகமில்லாதது என்பது என் கருத்து. தேசியப் பல்கலைக்கழகம், வானாய்வு நிலையம், சாலைகள், கால்வாய்கள் என்று அவர் போட்ட திட்டங்களில் பெரும்பாலானவற்றைக் காங்கிரஸ் கண்டுகொள்ளவில்லை. 1828ல் ஜாக்சனிடம் தோற்றார். மறு ஆண்டே மூத்த மகன் ஜார்ஜ் கப்பலிலிருந்து கடலில் விழுந்து இறந்துபோனான்.

அறுபதைத் தாண்டிய, எல்லாம் இழந்த மனிதர். 1830ல் உள்ளூர்க்காரர்கள் பிரதிநிதிகள் சபைக்கு நிற்கக் கேட்டார்கள். மனைவி லூயிசாவுக்கும் மகன் சார்லஸுக்கும் இதில் விருப்பமே இல்லை. இவர் நின்றார், வென்றார், கடைசிவரை அங்கேயே இருந்தார்.

அடிமை முறையை ஒழிக்கக் கோரும் மனுக்கள் அப்போது வடக்கிலிருந்து குவிந்துகொண்டிருந்தன. பலவற்றில் பெண்களின் கையெழுத்து. அடிமை முறை நிலவிய தென்மாநிலங்களின் உறுப்பினர்கள் 1836ல் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்கள்: அடிமை முறை பற்றிய எந்த மனுவையும் விவாதிக்காமல், அச்சிடாமல், அப்படியே கிடப்பில் போட வேண்டும். வாக்கெடுப்பில் தன் பெயர் வந்தபோது ஆம், இல்லை என்று சொல்லாமல், இது அரசியல் சட்டத்தை நேரடியாக மீறுவது என்று எழுந்து முழங்கினார் ஆடம்ஸ். அவர் அந்த மனுக்களின் கோரிக்கையை முழுதாக ஏற்றவர் அல்லர். தலைநகரில் அடிமை முறையை உடனே ஒழிப்பதைத் தான் ஆதரிக்கவில்லை என்று 1831லேயே சபையில் சொல்லியிருந்தார். ஆனாலும் மனு கொடுக்கும் உரிமையை யாரும் பறிக்கக் கூடாது என்பதற்காக எட்டு ஆண்டுகள் மல்லுக்கட்டினார். இதுதான் என்னை அவரிடம் இழுத்தது.

1837ல் ஒருநாள், அடிமைகளே கையெழுத்திட்ட மனு ஒன்று தன்னிடம் இருக்கிறது, அது இந்த விதிக்குள் வருமா என்று சபாநாயகரைக் கேட்டார். சபை அமளியானது. அவரை வெளியேற்று, கண்டனம் செய் என்று கூச்சல். எல்லோரும் கத்தி முடித்த பிறகு, அந்த மனு அடிமை ஒழிப்பைக் கேட்கவில்லை, அதற்கு நேர்மாறானது என்று சொன்னார். 1842ல் மறுபடி கண்டனத் தீர்மானம் வந்தது. அவர் சுதந்திரப் பிரகடனத்தின் தொடக்கத்தை வாசிக்கச் சொல்லி, நாள்கணக்கில் தனக்காகத் தானே வாதாடினார். கடைசியில் 106க்கு 93 என்ற வாக்கில் தீர்மானம் கைவிடப்பட்டது. 1844 டிசம்பர் 3 அன்று, அவரே கொண்டுவந்த தீர்மானத்தால், அந்த வாய்ப்பூட்டு விதியே நீக்கப்பட்டது.

நடுவில் அமிஸ்டாட் வழக்கு. கடத்தி வரப்பட்டு கியூபாவில் விற்கப்பட்ட ஆப்பிரிக்கர்கள், தங்களை ஏற்றிச்சென்ற அமிஸ்டாட் என்ற கப்பலை 1839ல் கைப்பற்றினார்கள். கப்பல் நியூயார்க்கின் லாங் ஐலண்ட் அருகே பிடிபட்டது. அதிபர் வான் பியூரனின் அரசு அவர்களை ஸ்பெயினிடம் ஒப்படைக்கவே முயன்றது. ஆடம்ஸ் உச்ச நீதிமன்றத்தில் வாதாடி முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது, வயது 73. வழக்கின் பெரும்பாரத்தைச் சுமந்த வழக்கறிஞர் ரோஜர் பால்ட்வினோடு சேர்ந்து 1841ல் வாதாடினார். ஒன்பது நீதிபதிகளில் ஐவர் தென்மாநிலத்தவர். அப்படியிருந்தும் மார்ச் 9 அன்று அந்த ஆப்பிரிக்கர்கள் சுதந்திர மனிதர்கள் என்றே தீர்ப்பு வந்தது. உயிரோடிருந்தவர்கள், மக்கள் திரட்டிய நன்கொடையில், 1842 தொடக்கத்தில் சியரா லியோன் போய்ச் சேர்ந்தார்கள்.

அவரை அப்பழுக்கில்லாதவராகக் காட்டினால் அது பொய். பிரிட்டனுடனான 1812 போரின்போது பிரிட்டிஷ் படையோடு போய்விட்ட அடிமைகளுக்காக, அவர்களின் உடைமையாளர்களுக்கு இழப்பீடு கேட்டுப் பல ஆண்டுகள் வாதாடிய அரசுப் பிரதிநிதியும் இவரேதான். பதவிகளில் ஏறிக்கொண்டிருந்த காலத்தில் அடிமை முறை மீதிருந்த வெறுப்பை நாட்குறிப்பில்தான் கொட்டினார், மேடையில் அல்ல. இழக்க எதுவும் இல்லாத வயதில்தான் வாய் திறந்தார் என்று யாராவது சொன்னால் என்னால் முழுதாக மறுக்க முடியாது. ஆனால் திறந்த பிறகு மூடவில்லை. போர் வந்தால் போர் அதிகாரத்தைக் கொண்டே அடிமை முறையை ஒழிக்கலாம் என்று 1836லேயே சபையில் சொன்னார்; 1863ல் லிங்கனின் விடுதலைப் பிரகடனம் போர் அதிகாரத்தின் மேல்தான் நின்றது. 1848 பிப்ரவரி 21 அன்று ஆடம்ஸ் தன் இருக்கையில் சரிந்து, இரண்டு நாள் கழித்து சபாநாயகர் அறையில் இறந்தபோது, இல்லினாய்ஸிலிருந்து வந்த புது உறுப்பினர் லிங்கனும் அதே சபையில்தான் இருந்தார்.

மேலும் படிக்க விரும்பினால் அவரது நாட்குறிப்பையே படியுங்கள். பன்னிரண்டு வயதில் தொடங்கியது, 51 தொகுதிகள்; மாசசூசெட்ஸ் வரலாற்றுக் கழகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. முதல் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டாம், 1836 முதல் 1844 வரையுள்ள பக்கங்களிலிருந்து தொடங்குங்கள்.