கிருபை இலவசமென்றால் 2 கொரிந்தியர் 8-இல் காணிக்கை எதற்கு?

கிருபை (தகுதி பாராமல் தேவன் தரும் தயவு) இலவசம் என்ற அப்போஸ்தலன் பவுலே, கொரிந்து சபைக்கு எழுதிய கடிதத்தில் பணம் கேட்பது முரண்தானே என்கிறீர்கள். முரண் இல்லைங்க.

முதலில் ரோமர் 5:6-8 படியுங்கள்: நாம் பாவிகளாயிருக்கையிலேயே கிறிஸ்து நமக்காக மரித்தார் என்கிறது. ரோம உலகில் தகுதி பார்த்துக் கொடுப்பதே நல்ல கொடை. பவுல் உடைத்தது அந்த வழக்கத்தைத்தான். பெற்றவர் சும்மா இருக்கலாம் என்று அவர் எங்கும் சொல்லவில்லை. 1 கொரிந்தியர் 15:10-இல், தான் அதிகம் பாடுபட்டதும் கிருபையால்தான் என்கிறார்.

அடுத்து 2 கொரிந்தியர் 8:1-5. கொடிய தரித்திரத்திலும் மக்கெதோனியா சபையார் எருசலேம் ஏழைகளுக்கு வாரிக் கொடுத்தார்களே, அதையே தேவன் அவர்களுக்கு அளித்த கிருபை என்கிறார். கொடுக்க முடிந்ததே கிருபை! இதைப் பெற்ற கிருபைக்குக் கடனடைப்பாகப் படித்தால் 9:7 இடிக்கும்: கட்டாயத்தால் கொடுக்க வேண்டாம் என்கிறது. 8:9-ஐ (ஐசுவரியமுள்ள கிறிஸ்து உங்களுக்காகத் தரித்திரரானார்) விட்டுவிட்டு 8:7-ஐ (கொடுப்பதிலும் பெருகுங்கள்) மட்டும் வாசிப்பதால்தான் வசூல் பேச்சாகத் தெரிகிறது.