40 கிலோ என்றால் 40 கிலோதான்: ப்ராக்ஸி பற்றிக் கேள்வி பதில்

இணையப் பக்கங்களை இயக்கும் நிரல் மொழியான ஜாவாஸ்கிரிப்டுக்குச் சட்டப் புத்தகம் எக்மாஸ்கிரிப்ட் தரநிலை. அதில் ப்ராக்ஸி பற்றிய பகுதியைப் பல வருடமாகப் படித்து வருகிறேன், வேலையில் பயன்படுத்தி அடியும் வாங்கியிருக்கிறேன். போன ஞாயிறு கும்பகோணத்தில் டெல்டா பக்கத்து நண்பர்கள் கூடியபோது, நேரம் பத்தாமல் நின்றுபோன கேள்விகளை எழுதி வாங்கிக்கொண்டேன். பதில்கள் இதோ.

மன்னார்குடி, கல்லூரி மாணவி: அண்ணா, ப்ராக்ஸி என்றால் என்ன? முதலில் இருந்து சொல்லுங்கள்.

மதகுப் பக்கம் நிற்கும் லஸ்கரை நினைத்துக்கொள் தங்கச்சி. வாய்க்காலுக்குத் தண்ணீர் போகும் முன் ஷட்டர் அவர் கையில். ஏற்றலாம், இறக்கலாம், எவ்வளவு போனது என்று குறித்தும் வைக்கலாம். இங்கே வாய்க்கால் என்பது டார்கெட், அதாவது உண்மையான ஆப்ஜெக்ட். லஸ்கர்தான் ஹேண்ட்லர். வெளியே இருப்பவர் கையில் கிடைப்பது ப்ராக்ஸி. ஒரு ப்ராப்பர்ட்டியை, அதாவது ஆப்ஜெக்டில் பெயர் போட்டு வைத்த மதிப்பைப் படித்தால், ஹேண்ட்லரில் 'கெட்' என்ற ட்ராப், அதாவது இடைமறிக்கும் ஃபங்ஷன் ஓடும், எழுதினால் 'செட்', இருக்கிறதா என்று கேட்டால் 'ஹேஸ்'. இப்படி 13 இடங்களில் இடைமறிக்கலாம். 2015-ல் தரநிலைக்குள் வந்தபோது 14 இருந்தன. ப்ராப்பர்ட்டிப் பெயர்களை ஒவ்வொன்றாக எடுக்கும் ஃபார்-இன் சுற்றுக்காக இருந்த 'எனுமரேட்' ட்ராப்பை 2016 பதிப்பில் எடுத்துவிட்டார்கள்.

கும்பகோணம், மென்பொருள் வேலை: நெல் கொள்முதல் ரசீதுக்கு ஒரு ஆப்ஜெக்ட் வைத்திருக்கிறேன். மூட்டை எடை 40 கிலோ. அதை யாரும் மாற்றக்கூடாது என்று பூட்டிவிட்டேன். அப்புறம் ப்ராக்ஸி போட்டு, 'கெட்' ட்ராப்பில் குவிண்டாலாக மாற்றி 0.4 என்று திருப்பினேன். உடனே டைப்எர்ரர் என்ற பிழை. என் ப்ராக்ஸி, என் ட்ராப். எதைத் திருப்பினால் தரநிலைக்கு என்ன?

ப்ராக்ஸி உங்களுடையதுதான். ஆனால் பூட்டும்போது நீங்கள் ஊருக்கே ஒரு வாக்குக் கொடுத்துவிட்டீர்கள். அந்த எடைக்கு ரைட்டபிள் (மதிப்பை மாற்றலாமா), கான்ஃபிகரபிள் (ப்ராப்பர்ட்டியை நீக்கலாமா, அமைப்பை மாற்றலாமா) இரண்டும் ஃபால்ஸ். இதன் பொருள், இந்த நிமிஷத்தில் மாறாது என்பது மட்டும் இல்லை. இனி எப்போதும் மாறாது. அதை நம்பி இன்னொருவர், அடுத்த முறை சரிபார்க்கத் தேவையில்லை என்று கோடு எழுதியிருப்பார். முதல் தடவை 40, இரண்டாவது தடவை 41 என்று ஒரு ப்ராக்ஸி சொல்ல முடிந்தால், அந்தக் கோடு முழுவதும் ஓட்டை. தராசில் ஏற்றிப் பார்த்து, எடை எழுதி, கையெழுத்துப் போட்டபின் ரசீதில் எண் மாறுவதை எந்த விவசாயியாவது பொறுத்துக்கொள்வாரா?

அதனால் உங்கள் ட்ராப் ஓடி முடிந்ததும், அது தந்த பதிலை எஞ்சின் (ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் மென்பொருள்) டார்கெட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. டார்கெட்டில் அந்த ப்ராப்பர்ட்டிக்கு இரண்டு பூட்டும் இருந்து, மதிப்பு வேறாக இருந்தால் டைப்எர்ரர். இரண்டில் ஒன்று திறந்திருந்தால் கேள்வியே இல்லை. அதே ரசீதில் ஈரப்பதத்தைப் பூட்டவில்லை என்றால், டார்கெட்டில் 17 என்று இருக்கும்போது ட்ராப் 12 என்று சொன்னாலும் தரநிலை தடுக்காது. பூட்டாத ப்ராப்பர்ட்டி எப்போது வேண்டுமானாலும் மாறலாம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. வாக்குக் கொடுக்காத இடத்தில் மீற எதுவும் இல்லை.

மற்ற ட்ராப்களுக்கும் இதே நியாயம்தான். கான்ஃபிகரபிள் இல்லாத ப்ராப்பர்ட்டியை 'ஹேஸ்' ட்ராப் இல்லை என்று மறைக்க முடியாது. புதிதாக எதுவும் சேர்க்க முடியாதபடி டார்கெட்டை அடைத்துவிட்டால், பெயர்ப் பட்டியல் தரும் 'ஓன்கீஸ்' ட்ராப் ஒரு பெயரைக்கூட விடவும் கூடாது, கூட்டவும் கூடாது.

உங்கள் வேலைக்கு வழி எளிது. எடையைத் தொடாதீர்கள்; 'குவிண்டால்' என்று புதுப் பெயருக்கு ட்ராப்பில் பதில் கொடுங்கள்.

தஞ்சாவூர், ஓய்வு பெற்ற கணினி ஆசிரியர்: தம்பி, இந்த யோசனை யாருடையது? ஆரம்பத்திலேயே இப்படித்தான் இருந்ததா?

இல்லை ஐயா. டாம் வான் கட்செம், மார்க் மில்லர் இருவரும் சேர்ந்து வடிவமைத்தது. 2010-ல் அவர்கள் எழுதிய கட்டுரையில் இருந்த ப்ராக்ஸிக்கு டார்கெட் என்ற ஒன்றே கிடையாது, ஹேண்ட்லர் மட்டும்தான். அப்படி இருந்தால், ஃப்ரீஸ் செய், முழுவதும் பூட்டு என்று யாராவது சொல்லும்போது வாக்கை எதில் எழுதி வைப்பது? அதற்கு 'ஃபிக்ஸ்' என்று ஒரு ட்ராப் வைத்திருந்தார்கள். அது ஓடியதும் ப்ராக்ஸி சாதாரண ஆப்ஜெக்டாக மாறிவிடும், அதோடு இடைமறிப்பும் போய்விடும். பிறகு நேரடி ப்ராக்ஸி என்ற வடிவம் வந்தது, டார்கெட் உள்ளே வந்தது. என் கணக்கில் இந்த முழு வடிவமைப்பிலும் அழகான திருப்பம் இதுதான். டார்கெட் வெறும் பின்னணி ஆப்ஜெக்ட் இல்லை, அது சாட்சி. என்னென்ன வாக்குக் கொடுத்தாகிவிட்டது என்பதற்கு எஞ்சின் அதைத்தான் கேட்கிறது. ஹேண்ட்லரின் நல்லெண்ணத்தை யாரும் நம்பவேண்டியதில்லை. 2013-ல் இதை விரிவாக இன்னொரு கட்டுரையாகவும் எழுதினார்கள்.

மயிலாடுதுறை: மூன்று சமக்குறி (===) ஒப்பீட்டுக்கும், மதிப்பின் வகையைக் கேட்கும் டைப்ஆஃபுக்கும் ஏன் ட்ராப் இல்லை?

ஒரு பொருள் தானேதானா என்ற கேள்விக்கு ஹேண்ட்லர் பதில் சொல்லலாம் என்றால், பிறகு நம்ப எதுவுமே மிச்சம் இருக்காது. வெறும் ஒப்பீடு செய்ததற்கே அந்நியக் கோடு ஓட ஆரம்பிக்கும். வேண்டாம் என்று விட்டது சரி.

திருவாரூர்: சாவியும் மதிப்பும் ஜோடியாக வைக்கும் மேப் ஆப்ஜெக்டைச் சுற்றி ஹேண்ட்லர் காலியாக ஒரு ப்ராக்ஸி போட்டேன். மேப்பின் சொந்த ஃபங்ஷனான 'கெட்' மெத்தடை (ட்ராப் இல்லை) அழைத்ததும் பிழை. காலி ஹேண்ட்லர் அப்படியே கடத்திவிட வேண்டாமா?

ப்ராப்பர்ட்டியை அது ஒழுங்காகக் கடத்துகிறது. மெத்தட் கைக்கு வந்துவிடும். ஆனால் அழைக்கும்போது 'திஸ்', அதாவது மெத்தட் எந்த ஆப்ஜெக்டின்மேல் ஓடுகிறதோ அது, ப்ராக்ஸி. மேப்பின் தரவு ப்ராப்பர்ட்டியில் இல்லை, எந்த ட்ராப்பும் எட்டாத ஓர் உள் அறையில் இருக்கிறது. ப்ராக்ஸிக்கு அந்த அறை கிடையாது. தேதி ஆப்ஜெக்டான டேட்டுக்கும், கிளாஸுக்குள் மறைத்து வைக்கும் பிரைவேட் ஃபீல்டுக்கும் இதே கதைதான். இது அர்ரேயா (பட்டியலா) என்று கேட்கும் அர்ரே.இஸ்அர்ரே விதிவிலக்கு; அது ப்ராக்ஸியைத் தாண்டிப் பார்த்து, டார்கெட் அர்ரே என்றால் ட்ரூ சொல்லும்.

மெத்தடை டார்கெட்டோடு பைண்ட் செய்து, அதாவது 'திஸ்' எப்போதும் டார்கெட்டாகவே இருக்கும்படி கட்டிக் கொடு என்று எல்லோரும் சொல்வார்கள். வேலை செய்யும், ஆனால் ஒரு கசிவைக் கவனிக்க வேண்டும். மேப்பின் 'செட்' மெத்தட் முடிவில் 'திஸ்' ஐயே திருப்பும். பைண்ட் செய்திருந்தால் வெளியே போவது ப்ராக்ஸி இல்லை, உண்மையான மேப். ஒரே ஒரு 'செட்' அழைப்பில் உங்கள் காவல் முழுவதும் போச்சு. திரும்பி வரும் மதிப்பு டார்கெட்டாக இருந்தால், அதற்குப் பதில் ப்ராக்ஸியைக் கொடுங்கள்.

நாகப்பட்டினம்: எந்தப் பெயர் கேட்டாலும் ஃபங்ஷன் திருப்பும் ப்ராக்ஸி எழுதினேன். பதில் வரும்வரை காத்திருக்கும் அவெய்ட் போட்டால் அப்படியே நிற்கிறது.

நானும் ஓர் இரவு முழுக்க இதில் உட்கார்ந்திருக்கிறேன். அவெய்ட் உங்கள் ப்ராக்ஸியிடம் 'தென்' என்று ஒரு ப்ராப்பர்ட்டி கேட்கும். ஃபங்ஷன் கிடைத்ததும் இது ப்ராமிஸ் (பிறகு பதில் தரும் ஆப்ஜெக்ட்) மாதிரி என்று எண்ணி அதை அழைத்துவிட்டுக் காத்திருக்கும். உங்கள் ஃபங்ஷன் பதிலே சொல்லாது. 'தென்' கேட்டால் அன்டிஃபைன்ட் கொடுங்கள். எழுத்தால் ஆன பெயர் இல்லாத சிம்பல் என்ற சாவிகளுக்கும் அப்படியே.

பட்டுக்கோட்டை: வெளியார் எழுதிய பிளகினுக்கு (கூடுதல் நிரலுக்கு) என் ஆப்ஜெக்டைக் கொடுத்து, வேலை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமா?

முடியும். ப்ராக்ஸி.ரிவோக்கபிள் அதற்குத்தான். ப்ராக்ஸியோடு ஒரு ரிவோக் ஃபங்ஷனும் தரும். அதை அழைத்தபின் அந்த ப்ராக்ஸியில் படிக்கப்போனாலும் எழுதப்போனாலும் டைப்எர்ரர். டைப்ஆஃப் மட்டும் பழையபடி பதில் சொல்லும்.

ஆனால் நிலத்தைக் குத்தகைக்கு விட்டு, மோட்டார் கொட்டகைச் சாவியையும் சேர்த்துக் கொடுத்த கதை ஆகிவிடக்கூடாது. ரசீதுக்குள் 'விவசாயி' என்று இன்னொரு ஆப்ஜெக்ட் இருந்து, பிளகின் அதை எடுத்து வைத்துக்கொண்டால், ரசீதை ரிவோக் செய்தாலும் அது அவர்கள் கையில்தான். உள்ளிருந்து வெளியே போகும் ஒவ்வோர் ஆப்ஜெக்டையும் போகும் வழியிலேயே ப்ராக்ஸியாக மாற்ற வேண்டும். இதற்கு மெம்ப்ரேன் என்று பெயர்.

இங்கேதான் கும்பகோணத்து நண்பரின் சிக்கல் திரும்ப வருகிறது. 'விவசாயி' பூட்டிய ப்ராப்பர்ட்டி என்றால், ட்ராப் அதே ஆப்ஜெக்டைத்தான் திருப்ப வேண்டும், ப்ராக்ஸி போட்ட வடிவத்தைத் திருப்ப முடியாது. வழி என்னவென்றால், உண்மையான ரசீதை டார்கெட்டாக வைக்காதீர்கள். ஒரு காலி ஆப்ஜெக்டை நிழல் டார்கெட்டாக வைத்து, உண்மையானதை ஹேண்ட்லர் தன்னிடம் வைத்துக்கொள்ளட்டும். பூட்டிய ப்ராப்பர்ட்டி என்று வெளியே சொல்ல வேண்டி வரும்போது, ப்ராக்ஸி போட்ட 'விவசாயி'யை நிழலில் பூட்டி எழுதிவிட்டுச் சொல்லுங்கள். சாட்சியிடம் எழுதியதும் வெளியே சொல்வதும் ஒன்றாகிவிடும்.

கும்பகோணம், அதே நண்பர்: ஒரு சந்தேகம் மிச்சம். ட்ராப் தப்பாகச் சொன்னால் பிழை எறிவதற்குப் பதில், எஞ்சினே சத்தமில்லாமல் 40 என்று சரியான மதிப்பைக் கொடுத்துவிடலாமே?

அதற்குப் பக்கத்தில் போகும் யோசனையும் பேசப்பட்டது. அறிவிப்பு ப்ராக்ஸி என்று சொல்லலாம்: ட்ராப்புக்குத் தகவல் மட்டும் போகும், அது திருப்பும் மதிப்பைக் கண்டுகொள்ளாமல் செயல் எப்போதும் டார்கெட்டிலேயே நடக்கும். விதி மீறவே வழி இல்லை. ஆனால் அதில் ஒவ்வொரு பதிலும் முதலில் டார்கெட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இப்போதுள்ள வடிவத்தில் சத்தமில்லாமல் திருத்துவது எனக்குச் சம்மதம் இல்லை. உங்கள் ட்ராப் 0.4 என்று கணக்குப் போட்டது. அதை லாகில் எழுதியிருக்கலாம், மொத்தத் தொகையில் கூட்டியிருக்கலாம். எஞ்சின் வெளியே 40 கொடுத்தால், உள்ளே ஒரு கணக்கு, வெளியே ஒரு கணக்கு. டைப்எர்ரர் வந்ததால்தான் அன்றைக்கே உங்களுக்குத் தெரிந்தது.