வீட்டைச் சுற்றியுள்ள காலி இடத்தை ஒரே அமைப்பாகத் தெரியும் தோட்டமாக்குவது எப்படி? ஆள் வைத்துச் செய்ய வேண்டுமா?

கேள்வியை முழுவதும் படித்தேன். புது வீடு, சுற்றிலும் ஆயிரத்து இருநூறு சதுர அடி வெற்று இடம். ஒருவர் வந்து புல்தரை, அலங்காரப் பனை, மதில் ஓரம் பச்சைச் சுவர் போல மரம் என்று படம் காட்டி 85,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா, நாமே திட்டமிடலாமா என்கிறீர்கள். எந்த ஊர் என்று எழுதவில்லை. தமிழ்நாட்டுச் சமவெளி என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். ஊட்டி, கொடைக்கானல் என்றால் இதில் பாதி பொருந்தாது.

நான் தோட்டக்கலை படித்தவள் இல்லை, பள்ளியில் கணக்கு டீச்சர். திருச்சிக்கு வெளியே ஐந்தரை சென்ட் மனை எங்களுடையது. 40-க்கு 60 அடி, கிழக்குப் பார்த்த வீடு. முன்னால் 12 அடி, பின்னால் 16 அடி, வடக்கே 6, தெற்கே 5 அடி விட்டுக் கட்டினோம். இந்த இடத்தை இரண்டு முறை கெடுத்துவிட்டு மூன்றாவது முறைதான் சரி செய்தோம்.

2016 ஆவணியில் குடிபோனோம். எங்களிடமும் ஒருவர் கம்ப்யூட்டரில் வரைந்த படத்தைக் காட்டினார், அதுவும் உங்கள் படத்தைப் போலத்தான் இருந்தது. 38,000 ரூபாய் கொடுத்தோம். முன்பக்கம் முழுக்கக் கொரியன் புல், மதில் ஓரம் பச்சைச் சுவர் போலக் கோனோகார்பஸ் மரம். அந்த வருடம் வடகிழக்குப் பருவமழை அடியோடு பொய்த்தது. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி என்று அரசு அறிவித்தது. மார்ச்சில் எங்கள் போர்வெல் இருபது நிமிடம் ஓடினால் காற்றுதான் வந்தது. குளிக்கவும் துவைக்கவுமே லாரித் தண்ணீர் வாங்கும்போது புல்லுக்கு எதை ஊற்றுவது? பங்குனி முடிவதற்குள் முன்பக்கம் வைக்கோல் நிறமாகிவிட்டது. கோனோகார்பஸ் மட்டும் தளதளவென்று நின்றது. காரணம் 2019-இல் சம்ப்பைக் கழுவ இறங்கியபோது தெரிந்தது. விரிசல் வழியாக அதன் வேர் உள்ளே வந்திருந்தது. மரங்களை வெட்டி, வேரைத் தோண்டி எடுத்து, சம்ப்புக்கு மறுபடி பூச்சு வேலை செய்ததில் தோட்டத்துக்குக் கொடுத்த அளவு பணம் மீண்டும் போனது. அந்த மரத்துக்கு 2023-இல் குஜராத் தடை போட்டது, பிறகு தமிழ்நாட்டிலும் தடை வந்தது. உங்களுக்குக் காட்டிய படத்தில் ‘பச்சைச் சுவர்’ என்ன மரம் என்று முதலில் கேளுங்கள்.

புல்தரையே கூடாது, வடிவமைப்பாளர்கள் எல்லோரும் மோசம் என்று நான் சொல்லவில்லை. நல்லவர்கள் இருப்பார்கள். ஆனால் எங்களிடம் வந்தவர் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, துணி எங்கே காயப் போடுவீர்கள், வீட்டில் பூ வைப்பவர் யார் என்று ஒன்றுகூடக் கேட்கவில்லை. உங்களிடம் வந்தவர் இவற்றைக் கேட்டிருந்தால் தாராளமாக அவரிடமே கொடுங்கள்.

இரண்டாவது தவறு முழுக்க என்னுடையது. புல் போன வெற்றிடத்தை நிரப்ப, ஞாயிற்றுக்கிழமைதோறும் நர்சரிக்குப் போனேன். ஆந்திராவின் கடியத்திலிருந்து லாரியில் வந்து இறங்கும் செடிகள் அங்கே பூத்துக் குலுங்கிக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு முறையும் இரண்டு, மூன்று. ஒருநாள் எண்ணிப் பார்த்தபோது 43 வகை இருந்தது, பெரும்பாலும் வகைக்கு ஒன்று. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் அழகு. கேட்டில் நின்று பார்த்தால் கடையில் அடுக்கி வைத்தது போல இருக்கும். பராமரிப்பும் முடியவில்லை. காகிதப்பூ காய்ந்தால்தான் பூக்கும், பக்கத்தில் இருந்த பெரணிக்கோ தினமும் ஈரம் வேண்டும். ஒரே குழாயில் இரண்டுக்கும் தண்ணீர் விட்டதில் காகிதப்பூ வெறும் இலையாக வளர்ந்தது. மதில் ஓரம் வரிசையாக வைத்த இட்லிப்பூவின் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக, மற்றது மஞ்சளாக மாறின. உரம் போட்டும் தேறவில்லை. தோண்டிப் பார்த்தால் அரை அடிக்குக் கீழே கட்டட வேலையில் மிஞ்சிய சிமென்டுக் கட்டி, சுண்ணாம்பு, ஜல்லி. அந்தக் காரத்தன்மையில் மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் இட்லிப்பூவால் எடுக்க முடியாது. ஒன்றரை அடி ஆழத்துக்கு அள்ளிப் போட்டுவிட்டு, செம்மண்ணும் மக்கிய சாணி எருவும் நிரப்பிய பிறகுதான் துளிர் பச்சையாக வந்தது. புது வீடு என்கிறீர்களே, செடி வாங்கும் முன் நான்கு இடத்தில் கடப்பாரை போட்டுப் பாருங்கள்.

எனக்கு வழி தெரிந்தது 2020 ஊரடங்கில். ஆன்லைன் வகுப்பு முடிந்தால் வேறு வேலை இல்லை. வடக்குப் பக்கம் எப்போதும் நிழல் என்று வீடியோக்களில் கேட்டு நம்பி, அங்கே பெரணியும் ஆந்தூரியமும் வைத்திருந்தேன். வருடாவருடம் மே மாதம் கருகும், நானும் கத்திரி வெயில் என்று விட்டுவிடுவேன். அந்த மே மாதம் பகலெல்லாம் வீட்டிலேயே இருந்ததால் கண்ணில் பட்டது: நண்பகலில் வெயில் வடக்குச் சுவரில் விழுகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். திருச்சிக்கு ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அதிலிருந்து ஆகஸ்ட் கடைசி வாரம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கிறது. ஜூன் 21 அன்று உச்சியிலிருந்து 12 டிகிரிக்கு மேல் வடக்கே. டிசம்பர் 21 அன்றோ 34 டிகிரி தெற்கே. அந்த வீடியோக்கள் குளிர் நாட்டுக்காரர்களுடையவை. அவர்கள் ஊரில் நண்பகல் சூரியன் வருடம் முழுக்கத் தெற்கில்தான் நிற்கும், நமக்கு அப்படி இல்லை.

அன்றிலிருந்து காலை எட்டு, நண்பகல், மாலை நான்கு என்று மூன்று வேளையும் நிழல் விளிம்பைச் சாக்பீஸால் தரையில் கோடு போட்டேன். அதைக் கிராஃப் தாளில் ஏற்றினேன், ஒரு கட்டம் ஒரு அடி. டிசம்பரில் மறுபடி கோடு போட்டேன். தெற்கே ஐந்தடிச் சந்தில் பக்கத்து வீட்டு மாடி மறைப்பதால் டிசம்பரிலும் வெயில் வரவில்லை. எங்கள் வீட்டில் உண்மையான நிழல் அதுதான். பெரணியும் வெற்றிலைக் கொடியும் அங்கே போயின.

அதே தாளில் தண்ணீர் போகும் வழியை நீல மையில் வரைந்தேன். துவைக்கும் கல்லிலிருந்து வழியும் தண்ணீர், குளியலறைத் தண்ணீர், மொட்டை மாடியிலிருந்து இறங்கும் மழைநீர். எங்கள் மாடி 930 சதுர அடி. ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தாலே ஏறக்குறைய 860 லிட்டர் இறங்கும். நம் வருட மழையில் கிட்டத்தட்டப் பாதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் வந்துவிடுகிறது. அதனால் மழைநீர்க் குழாயை முன்பக்கம் ஒரு உறைகிணற்றுக்குத் திருப்பினோம். சோப்புத் தண்ணீர் பின்பக்கம் முதலில் கல்வாழைப் பாத்திக்கும், அதில் வடிந்தது வாழைக்கும் போகிறது. வாழைக்கென்று தனியாகத் தண்ணீர் விட்டு வருடங்களாகின்றன.

அப்புறம் கால்தடம். அடுப்படிக் கதவிலிருந்து துவைக்கும் கல், அங்கிருந்து கொடிக்கயிறு. கேட்டிலிருந்து வண்டி நிறுத்தும் இடம். ஒரு நாளில் எத்தனை முறை நடக்கிறோமோ அந்த வழியெல்லாம் ஏற்கனவே மண்ணில் தேய்ந்து தெரியும். படத்தில் இருந்த வளைவுப் பாதையை எங்கள் வீட்டில் யாரும் மிதித்ததே இல்லை, எல்லோரும் புல்லில் குறுக்கே நடந்தார்கள். தேய்ந்த வழியிலேயே கடப்பாக் கல் பதித்தோம். வீட்டைச் சுற்றி எங்கும் அதே கல், அதே அகலம், பாத்தி ஓரமெல்லாம் அதே செங்கல். அடுப்படிக் கதவிலிருந்து நான்கு எட்டில் கறிவேப்பிலை, கற்பூரவல்லி, துளசி. ரசம் கொதிக்கும்போது எட்டிப் பறிக்க முடியாத கறிவேப்பிலை இருந்து என்ன பயன்?

முருங்கையைக் கொடிக்கயிற்றுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி துணியில் ஏறும், கிளையும் காற்றுக்கு நிற்காது. எங்களுடையது வடமேற்கு மூலையில் இருக்கிறது, வருடத்துக்கு ஒருமுறை மூன்றடி உயரத்துக்கு வெட்டிவிடுகிறோம்.

இவ்வளவும் தாளில் வந்த பிறகுதான் செடி. நீங்கள் கேட்ட ‘ஒரே அமைப்பு’ எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரே ஒரு முடிவால்: எங்கே நின்றாலும் கண்ணில் படுகிற மாதிரி ஒரு செடி. நாங்கள் நந்தியாவட்டையைத் தேர்ந்தெடுத்தோம். வெயிலும் தாங்கும், ஓரளவு நிழலும் தாங்கும், வருடம் முழுக்கப் பூக்கும், ஆடு வாய் வைக்காது. கேட்டின் இரு பக்கமும், வடக்குப் பக்கம் ஆறடிக்கு ஒன்றாகவும், பின்னால் துவைக்கும் கல் அருகிலும் என்று மொத்தம் 14. மற்றதெல்லாம் அதற்கு நடுவில். முன்பக்கம் வெள்ளையும் சிவப்பும் மட்டும்: ஒரு பவழமல்லி, பிழைத்துக்கொண்ட சிவப்பு இட்லிப்பூ வரிசை, இரண்டு செம்பருத்தி. செம்பருத்தியை இரண்டுக்கு மேல் வைக்கவில்லை, மாவுப்பூச்சி வந்தால் வேப்பெண்ணெய் தெளித்து மாளாது. 43 வகை 17 ஆகியது. கொடுக்க மனம் வரவில்லை, ஒவ்வொன்றும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாங்கியது. பள்ளி வளாகத்தில் கொஞ்சம், தெரிந்தவர்களுக்குக் கொஞ்சம் என்று கொடுத்தேன். வகைவகையாகச் சேகரிப்பவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அதுவும் ஒரு சந்தோஷம்தான். கேள்வி கேட்டவர் சீரான அமைப்பு வேண்டும் என்கிறார், அதற்குத்தான் இந்தப் பதில்.

திட்டத்தில் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நேர்மையாக இருக்காது. கன்னிமூலையில் ஒரு தென்னை நிற்கிறது. தென்னைக்கு 25 அடி இடைவெளி வேண்டும், 16 அடிக் கொல்லையில் வைக்கக் கூடாது என்பது எனக்கும் தெரியும். என் கணவருக்குப் பேராவூரணிப் பக்கம் ஊர். 2018 நவம்பரில் கஜா புயல் ஒரே இரவில் எங்கள் தோப்பைச் சாய்த்தது. அத்தை அதன் பிறகுதான் எங்களோடு வந்து தங்கினார்கள். நான் தாளும் ஸ்கேலுமாக உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் வந்து, “ஒரே ஒரு புள்ள மட்டும் வச்சுக்கலாமாம்மா?” என்று கேட்டார்கள். தென்னம்பிள்ளையைத்தான் சொன்னார்கள். நான் இடத்தை அளக்கவே இல்லை. மதிலை ஒட்டி வைத்தோம், குட்டை ரகம், மட்டையும் காயும் வீட்டுப் பக்கம் தொங்காமல் பார்த்துப் பறித்துவிடுகிறோம். காலையில் பவழமல்லி பொறுக்கிக்கொண்டு அத்தை அந்தத் தென்னை வரைக்கும் ஒரு நடை நடந்து வருவார்கள். தோட்டத்தில் இருப்பதிலேயே அதிகம் தேய்ந்த பாதை இப்போது அதுதான்.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனால் வீடு கட்டியவர்கள் எல்லோருக்கும் இது நடக்கிறது. 2022-இல் எங்கள் தெருவுக்குப் புதிதாகச் சாலை போட்டார்கள். பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும் என்று விதி இருக்கிறது. ஒப்பந்தக்காரர் அப்படியே மேலே கொட்டி முக்கால் அடி உயர்த்திவிட்டுப் போய்விட்டார். நாங்கள் நான்கு வீட்டுக்காரர்கள் ரோலருக்கு முன்னால் நின்று கேட்டோம், மனு கொடுத்தோம், பதில் இல்லை. அந்த ஐப்பசியில் தெருத் தண்ணீர் முழுக்க எங்கள் கேட் வழியாக உள்ளே வந்து இட்லிப்பூ வரிசையில் பாதி அழுகியது. ஆறு வருடம் கஷ்டப்பட்டு ஒரு தோட்டத்தைச் சரிசெய்தோம், அதை யாரோ ஒருவரின் ஒரு நாள் வேலை கெடுத்ததை இன்னும் என்னால் ஏற்க முடியவில்லை. கேட்டுக்குள் கல்லால் ஒரு தடுப்புக் கட்டி, அதன் பின்னால் தாழ்வாக ஒரு பாத்தி வெட்டி, தேங்கும் தண்ணீரை உறைகிணற்றுக்கு விட்டிருக்கிறோம். அந்தப் பாத்தியில் இப்போது கல்வாழையும் சேம்பும் இருக்கின்றன. முன்பக்கம் வெள்ளை, சிவப்பு என்ற கணக்கு குலையக் கூடாது என்று சிவப்புக் கல்வாழையாகத் தேடி வைத்தேன்.

ஆகவே, உங்கள் வீட்டின் தரைமட்டம் தெருவைவிட எவ்வளவு உயரம் என்று அளந்து, அதையும் அந்தத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். 85,000 ரூபாயை இப்போதைக்கு வைத்திருங்கள். ஒரு மே மாதமும் ஒரு டிசம்பரும் நிழல் கோடு போட்டுப் பார்க்கும் வரை, ஒரு கறிவேப்பிலையும் ஒரு துளசியும் மட்டும் வாங்குங்கள்.