பழைய டிராம்: வாசகர் கேள்வி – பதில்

நகரத் தெருக்களில் ஒருகாலத்தில் ஓடிய மின்சார டிராம்களைச் செப்பனிட்டு ஓட்டிவரும் தன்னார்வலர்களிடமிருந்தும், அந்த வேலையில் சேர விரும்புபவர்களிடமிருந்தும் வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: ஒரு தோட்டத்தில் கொட்டகையாகக் கிடந்த டிராம் பெட்டி எங்கள் குழுவுக்குக் கிடைக்கிறது. சக்கரமும் இல்லை, மோட்டாரும் இல்லை. வாங்கலாமா?

இன்றைக்குத் தப்பிப் பிழைத்திருக்கும் டிராம்களில் பல இப்படிக் கிடைத்தவைதான். தடம் மூடப்பட்டதும் இரும்பும் செம்பும் பழைய இரும்புக் கடை விலைக்குப் போயின. மரப்பெட்டியை மட்டும் யாராவது வீடாகவோ கோழிக் கொட்டகையாகவோ வாங்கிப்போனார்கள். அதனால் சக்கரம் இல்லை என்பதற்காக வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். அடிச்சட்டம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

ஒரு கூரான ஸ்க்ரூடிரைவர் போதும். கதவுத் தூண்களின் அடி, ஜன்னல் சட்டத்துக்குக் கீழ், பெட்டியின் எடை போகியில் (சக்கரங்களும் மோட்டாரும் பொருத்திய அடிவண்டியில்) இறங்கும் குறுக்குச் சட்டம், ஓட்டுநர் நிற்கும் முன்மேடையின் அடிக்கட்டைகள், இந்த நான்கு இடங்களிலும் குத்திப் பாருங்கள். முனை சுலபமாக உள்ளே போனால் அந்த மரம் மாற்ற வேண்டியது. பிறகு பெட்டியின் நீளத்துக்கு ஒரு நூலைக் கட்டுங்கள். இரண்டு முனைகளும் தொங்கியிருந்தால் நீளச் சட்டம் வளைந்திருக்கிறது. பெட்டியை வாங்கும் செலவைவிட அதை நிமிர்த்தும் செலவு பல மடங்காகும்.

வேறு ஊரிலிருந்து போகி வாங்கும்போது முதலில் தண்டவாள அகலத்தைக் கேளுங்கள். வழக்கமான அகலம் 1435 மி.மீ. டொராண்டோவில் அது 1495 மி.மீ.; பிலடெல்பியாவிலும் பிட்ஸ்பர்க்கிலும் அதைவிட அகலம். அகலம் பொருந்தினாலும் வேலை முடிந்துவிடாது. சக்கர விட்டம், போகி திரும்பும் நடு முளையின் உயரம், வளைவில் போகி திரும்பும்போது மோட்டார் அடிச்சட்டத்தில் இடிக்குமா என்பது, மூன்றையும் அளந்த பிறகே பணம் கொடுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்பு அதை நிறுத்தக் கூரை வேண்டும். கூரை இல்லாத குழு பெட்டியை வாங்கக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. தார்ப்பாயைப் பெட்டிமேல் ஒட்டப் போர்த்தினால் ஈரம் உள்ளேயே தங்கி, மழையைவிட வேகமாக மரத்தை அரிக்கும். போர்த்தித்தான் ஆக வேண்டும் என்றால் சட்டம் கட்டி, காற்றுப் போக இடம் விட்டுப் போர்த்துங்கள்.

பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உலர்வாகத் தேய்க்காதீர்கள்; நனைத்து, முகமூடி போட்டுத் தேயுங்கள். முழுவதையும் சுரண்டுவதற்கு முன், உள்ளங்கை அளவு இடத்தில் அடுக்கடுக்காகத் தேய்த்து ஒவ்வொரு நிறத்தையும் படம் எடுத்து வையுங்கள். வண்டியின் முதல் நிறம் எது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

கேள்வி: எங்கள் டிராம் 1920களைச் சேர்ந்தது. கிளம்பும்போது குலுங்குகிறது. கைப்பிடியின் முதல் நாட்ச்சில் (படியில்) அசையாமல் நிற்கிறது, அடுத்ததற்குத் தள்ளினால் பாய்கிறது. கன்ட்ரோலரை (ஓட்டுநர் கைப்பிடி உள்ள, மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டியை) திறந்தால் செம்பு கருகியிருக்கிறது. எங்கே கோளாறு?

இரண்டு இடத்தில் இருக்கலாம். ஒன்று கன்ட்ரோலருக்குள், இன்னொன்று வண்டிக்கு அடியில் இருக்கும் ரெசிஸ்டரில் (மின்தடையில்).

மேற்கம்பியிலிருந்து வரும் ஏறக்குறைய 600 வோல்ட் டி.சி. மின்சாரம் நேராக மோட்டாருக்குள் பாய்ந்தால் மோட்டார் கருகிவிடும். அதனால் நடுவில் வார்ப்பிரும்பு ரெசிஸ்டர்களை வைத்து, நாட்ச் ஏற ஏற ஒவ்வொன்றாக விலக்குகிறோம். முதலில் மோட்டார்கள் சீரியஸில் (ஒன்றன்பின் ஒன்றாக) இருக்கும். பாதி வழியில் பேரலலுக்கு (பக்கம் பக்கமாக) மாறும். சீரியஸின் கடைசி நாட்ச், பேரலலின் கடைசி நாட்ச், இந்த இரண்டில்தான் ரெசிஸ்டர் முழுவதும் விலகியிருக்கும். இந்த இரண்டில் மட்டுமே வண்டியைத் தொடர்ந்து ஓட விடலாம். இடையில் உள்ள நாட்ச்சில் ஓட்டிக்கொண்டே போனால் ரெசிஸ்டர் பழுக்கக் காய்ந்து விரிசல் விடும். உங்கள் வண்டிக்கு அதுதான் நடந்திருக்க வேண்டும். முதல் நாட்ச்சுக்கான ரெசிஸ்டர் தட்டு உடைந்தால் சுற்று திறந்துகிடக்கும், வண்டி அசையாது. அடுத்த நாட்ச் அந்த உடைசலைத் தாண்டி இணைப்புக் கொடுக்கும்போது இழுவை ஒரேயடியாக வரும்.

சோதிக்கும் முறை: மின்சாரம் எடுக்கும் டிராலி கம்பத்தை மேற்கம்பியிலிருந்து இறக்கிக் கொக்கியில் கட்டுங்கள். மெயின் சுவிட்சைத் திறந்து வையுங்கள். இரண்டும் ஆன பிறகே மூடியைக் கழற்ற வேண்டும். ஒன்று மட்டும் போதாது. ரெசிஸ்டர் ஆறியிருக்கும்போது ஒவ்வொரு தட்டையும் ஓம் மீட்டரில் பாருங்கள். எல்லாம் நன்றாக இருந்தால் அவற்றை இறுக்கிப் பிடிக்கும் போல்ட்டுகளைப் பாருங்கள். சூடும் குளிரும் மாறி மாறி வருவதால் அவை தளர்ந்துவிடும். பழைய ரெசிஸ்டர்களிலும் கன்ட்ரோலரின் தீப்பொறித் தடுப்புகளிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். ஊதியோ பிரஷ்ஷால் தட்டியோ சுத்தம் செய்யாதீர்கள்.

அடுத்து கன்ட்ரோலர். நடுவில் சுழலும் உருளையில் செம்புப் பட்டைகள். அவற்றின்மேல் ஸ்பிரிங் அழுத்தத்தில் உட்காரும் செம்பு விரல்கள். விரல் பட்டைமேல் ஏறும்போது சுமார் ஒன்றரை மி.மீ. உயர வேண்டும். அதைவிடக் குறைந்தால் அழுத்தம் போதாமல் பொறி பறக்கும். அதிகமானால் விரல் பட்டையின் விளிம்பில் இடித்து வளையும். கருகிய முனையை மெல்லிய அரத்தால் சமப்படுத்துங்கள். எமரி தாள் வேண்டாம், அதன் துகள் செம்பில் பதிந்துவிடும். பிறகு விரல் நுனியில் தொட்ட அளவு வாஸலின் மட்டும் தடவுங்கள். தாராளமாகப் பூசினால் செம்புத்தூள் அதில் ஒட்டி, பட்டைக்குப் பட்டை மின்சாரம் பாய வழி உண்டாகும்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு மாதத்தில் மறுபடி கருகினால், ஓட்டுபவரின் கையைக் கவனியுங்கள். ஏற்றும்போது ஒவ்வொரு நாட்ச்சிலும் வண்டி வேகம் பிடிக்கும்வரை ஒரு கணம் நிறுத்தி ஏற்ற வேண்டும். அணைக்கும்போது தயங்காமல் ஒரே வீச்சில் அணைக்க வேண்டும். மெதுவாக அணைப்பவர்தான் செம்பைத் தின்கிறார்.

கேள்வி: இலையுதிர் காலத்தில் பிரேக் பிடித்தால் சக்கரம் வழுக்கிக்கொண்டே போகிறது. பிடிப்புக்காகத் தண்டவாளத்தில் மணல் போட்டும் சக்கரம் தட்டையாகிவிட்டது.

மணலை எப்போது போட்டீர்கள் என்பதுதான் கேள்வி. சக்கரம் பூட்டிக்கொண்ட பிறகு மணல் போட்டால் ஒரே இடத்தில் தேய்ந்து இன்னும் வேகமாகத் தட்டையாகும். வழுக்குகிறது என்று தெரிந்ததும் பிரேக்கை ஒரு நொடி தளர்த்துங்கள். சக்கரம் மறுபடி உருளட்டும். பிறகு மணல், அதன்பின் மென்மையாகப் பிரேக். மணல் காய்ந்து, சலித்து இருக்க வேண்டும். ஈர மணல் குழாயிலேயே அடைத்துக்கொள்ளும். காலையில் வண்டி எடுப்பதற்கு முன் இரண்டு பக்கமும் மணல் விழுகிறதா என்று பார்ப்பது ஒரு நிமிட வேலை. பிரேக்குக்குக் காற்றுத் தரும் கம்ப்ரெசர் தொட்டியில் தேங்கும் தண்ணீரையும் அப்போதே திறந்து விட்டுவிடுங்கள்.

கேள்வி: தன்னார்வலர்களை நிஜமான தெருவில் டிராம் ஓட்ட விடுவார்களா?

இடத்தைப் பொறுத்தது. அமெரிக்காவின் டல்லஸில் 1989 முதல் ஓடும் மெக்கின்னி அவென்யூ தடத்தை லாப நோக்கற்ற அமைப்பு ஒன்றே நடத்துகிறது, தன்னார்வலர்களின் உழைப்பில்தான் அது வளர்ந்தது, கட்டணமும் இல்லை. சான் பிரான்சிஸ்கோவில் 1995-இல் தொடங்கிய எஃப் தடத்தில் பழைய வண்டிகளை ஓட்டுபவர்கள் நகரப் போக்குவரத்துத் துறையின் ஊழியர்கள். மார்க்கெட் ஸ்ட்ரீட் ரயில்வே என்ற ஆர்வலர் அமைப்பு வண்டிகளைத் தேடிப் பெறுவது, செப்பனிட உதவுவது, அருங்காட்சியகம் நடத்துவது ஆகியவற்றைப் பார்த்துக்கொள்கிறது. அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் உள்ள சீஷோர் டிராம் அருங்காட்சியகம்போலச் சொந்தத் தடம் வைத்திருப்பவர்களும் உண்டு. 1939-இல் ஒரே ஒரு திறந்த டிராமை வாங்கி அது தொடங்கியது.

எங்கே போனாலும் விதிப்புத்தகம், எழுத்துத் தேர்வு, பயிற்றுநர் பக்கத்தில் நிற்க ஓட்டிப் பழகுவது என்ற வரிசை மாறாது. கண்டக்டராகத் தொடங்குங்கள் என்றே சொல்வோம். மணியை இரண்டு முறை அடித்தால் ‘போகலாம்’ என்பது பெரும்பாலான இடங்களில் பொது. மற்ற மணிகள் ஊருக்கு ஊர் வேறு, உங்கள் புத்தகத்தில் இருப்பதை மட்டும் பழகுங்கள்.

கேள்வி: ஒரே இடத்தில் டிராலி கம்பம் கம்பியை விட்டுத் துள்ளுகிறது.

எல்லா வண்டிக்கும் அங்கேயே துள்ளினால் கம்பியில் குறை: தடம் பிரியும் இடத்து இணைப்பு சாய்ந்திருக்கும். ஒரு வண்டிக்கு மட்டும் என்றால் கம்பத்தின் நுனியில் உள்ள கார்பன் தேய்ந்திருக்கிறதா, கூரைமேல் கம்பம் திரும்பும் அடித்தளம் கிரீஸ் இல்லாமல் இறுகியிருக்கிறதா, ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா என்று இந்த வரிசையில் பாருங்கள். துள்ளியதும் முதலில் கன்ட்ரோலரை அணையுங்கள், பிறகு வண்டியை நிறுத்துங்கள். நாட்ச்சைப் போட்டபடியே கம்பத்தை மாட்டினால் நிற்கும் வண்டிக்குள் முழு மின்சாரமும் இறங்கும்.

கேள்வி: வருடத்தில் நான்கைந்து நாள் விழாக்களுக்கு மட்டும் ஓட்டினால் வண்டி தேயாமல் இருக்குமே?

தேயாது, கெட்டுப்போகும். பேரிங்குகளில் எண்ணெய் ஊட்டும் கம்பளி நூல் காய்ந்துவிடும். பிரேக் சிலிண்டரின் தோல் வளையம் சுருங்கிக் காற்றை விடும். மோட்டார் வைண்டிங் ஈரம் குடிக்கும். மாதம் ஒரு முறையாவது, மோட்டார் நன்றாகச் சூடேறும் அளவுக்கு ஓட்டுங்கள்.

நீண்ட நாள் நின்ற வண்டியை எடுப்பதற்கு முன் மோட்டார் இணைப்புகளைக் கழற்றி மெக்கர் (மின்காப்பின் தடையை அளக்கும் கருவி) வைத்துப் பாருங்கள். ஒரு மெகாஓமுக்குக் கீழே காட்டினால் மின்சாரம் கொடுக்காதீர்கள். அடியில் பல்புகளோ சிறு ஹீட்டரோ வைத்து, சுற்றிலும் துணி கட்டி, மெதுவாகச் சூடாக்குங்கள். துணி ஹீட்டரைத் தொடக் கூடாது, ஆள் இல்லாமல் விட்டுப் போகவும் கூடாது. மணிக்கு ஒரு முறை அளவு எடுத்து எழுதுங்கள். சூடேறும்போது எண் முதலில் இன்னும் இறங்கும், அதைக் கண்டு பயந்து நிறுத்திவிடாதீர்கள். பிறகு ஏறத் தொடங்கி ஓரிடத்தில் நிலைக்கும். நிலைத்த பிறகு கம்யூட்டேட்டரை (மோட்டாரில் கார்பன் பிரஷ் உரசும் செம்பு உருளையை) துடைத்து, கார்பன் பிரஷ் கூட்டுக்குள் தடையில்லாமல் நகர்கிறதா என்று பார்த்து, முதல் ஓட்டத்தைப் பயணிகள் இல்லாமல் சீரியஸ் நாட்ச்சில் மட்டும் ஓட்டி, திரும்பி வந்ததும் ஒவ்வொரு பேரிங் மூடியிலும் புறங்கையை வைத்துச் சூடு பாருங்கள்.